வாசகர் கேள்வி – பதில்: பிப்ரவரி 2 என்னும் ஒரு நாள்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு சிறு விலங்கை முன்வைத்துக் குளிர்காலம் இன்னும் எத்தனை நாள் நீடிக்கும் என்று கணிக்கிறார்கள் என இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள் ஏராளம். விலங்கைப் பற்றிக் கேட்டவர்களைப் போலவே, அதே தேதியில் தங்கள் ஊரிலும் ஒரு விழா உண்டே என்று நினைவூட்டியவர்களும் பலர். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்த ஒரே நாளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அந்த விலங்கை ஒரு நாளிதழில் 'நிலப்பன்றி' என்று எழுதியிருந்தார்கள். உண்மையில் அது என்ன விலங்கு? அன்றைக்கு அங்கே என்னதான் நடக்கிறது? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். கிரவுண்ட்ஹாக் என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த பிழை அது. அந்த விலங்குக்கும் பன்றிக்கும் எந்த உறவும் இல்லை. அணில் குடும்பத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு அது. மர்மோட் என்னும் இனத்தில் ஒரு வகை. உருண்டு திரண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்டு, மண்ணைத் தோண்டி வளையில் வாழ்வது. கோடை முழுவதும் புல்லும் தழையும் தின்று கொழுத்து, குளிர் தொடங்கும்போது வளைக்குள் சுருண்டு படுத்துவிட்டால், அதன் உடல் வெப்பம் ஒற்றை இலக்க செல்சியசுக்கு இறங்கிவிடும்; இதயம் நிமிடத்துக்குப் பத்து முறை துடித்தாலே அதிகம்.

இந்த நாளுக்குப் பெயர்போன ஊர் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பங்க்சடாவ்னி. மக்கள்தொகை 6000-ஐக்கூட எட்டாத சிற்றூர். ஊருக்கு வெளியே காப்ளர்ஸ் நாப் என்ற மேட்டில், நீர் உறையும் குளிரில், நள்ளிரவு தாண்டிய சில மணி நேரத்திலேயே மக்கள் கூடத் தொடங்கிவிடுகிறார்கள். பொழுது விடியும் வேளையில், உயரமான கறுப்புத் தொப்பியும் கறுப்புக் கோட்டும் அணிந்த விழாக் குழுவினர் மேடைக்கு வருகிறார்கள். மேடை நடுவே மரத்தின் அடிக்கட்டை போலச் செய்த ஒரு கூடு. அதற்கொரு சிறு கதவு. குழுவின் தலைவர் தம் கைத்தடியால் அந்தக் கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து 'பங்க்சடாவ்னி பில்' என்று பெயரிடப்பட்ட விலங்கைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, கட்டையின் மேல் அமர்த்துகிறார்கள். தலைவர் குனிந்து அதன் மொழியைக் கேட்பதாக ஐதீகம். பிறகு அங்கே வைத்திருக்கும் இரண்டு சுருள்களில் ஒன்று எடுக்கப்பட்டு உரக்க வாசிக்கப்படுகிறது. விலங்கு தன் நிழலைப் பார்த்துவிட்டது என்றால் இன்னும் ஆறு வாரம் குளிர். பார்க்கவில்லை என்றால் வசந்தம் முந்திக்கொள்ளும். அவ்வளவுதான் சடங்கு. 1887-இல் முதன்முறையாக அந்த மேட்டுக்குப் போய்வந்த சிலரில் தொடங்கியது, இன்று பல்லாயிரம் பேர் கூடும் விழாவாக வளர்ந்திருக்கிறது. 1993-இல் இந்த நாளைக் களமாகக் கொண்டு வெளிவந்த ஹாலிவுட் படம் கூட்டத்தைப் பெருக்கியது. ஆனால் அந்தப் படம் எடுக்கப்பட்டது இலினாய் மாநிலத்து உட்ஸ்டாக் என்ற வேறோர் ஊரில்.

கேள்வி: வெயில் அடித்தால்தானே நிழல் விழும்? வெயில் அடித்தால் குளிர் குறைய வேண்டுமே. ஆறு வாரம் நீளும் என்பது தலைகீழாக இல்லையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மிக நுட்பமான கேள்வி. இதற்கு விடை தெரிந்தால், இந்த வழக்கம் எதையும் அறியாதவர்கள் கட்டிவிட்ட கதையல்ல என்பதும் விளங்கிவிடும்.

தை மாதத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும் இரவுகளில்தான் பனி கொட்டும், மேகம் மூடிய இரவு கதகதப்பாக இருக்கும் என்பதை நம் வயல்வெளிகளில் இருப்பவர்கள் அறிவார்கள். பகலில் பூமி வாங்கிய வெப்பம் இரவில் வெளியேறாமல் மேகம் போர்வை போலத் தடுக்கிறது. மேகம் இல்லாவிட்டால் அந்த வெப்பம் எளிதில் வான்வெளிக்குப் போய்விடுகிறது. வடக்கு ஐரோப்பாவில் இதே விதி இன்னும் வலுவாகச் செயல்படுகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே தெளிந்த வானம் என்றால், உயரழுத்த மண்டலம் ஒன்று நிலைகொண்டு, வறண்ட கடுங்குளிர்க் காற்று தங்கியிருக்கிறது என்று பொருள். மேகமும் தூறலும் என்றால், அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரமான, சற்றே வெதுவெதுப்பான காற்று உள்ளே வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். எனவே 'வெயில் அடித்தால் குளிர் நீளும்' என்பது அந்த நிலத்து உழவர்கள் கண்ணால் கண்டு சேர்த்த அறிவு. ஒரு நாளின் வானத்தைக் கொண்டு ஆறு வாரத்தை அளந்ததுதான் அதில் உள்ள மிகை.

கேள்வி: இந்த வழக்கம் எங்கே தோன்றியது? ஏன் குறிப்பாக பிப்ரவரி 2? (வாசகர், காரைக்குடி)

பதில்: நாட்காட்டியில் இந்தத் தேதி இருக்கும் இடத்தைப் பாருங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டி வடகோளத்தில் இரவு மிக நீண்டது. மார்ச் 20-ஐ ஒட்டி இரவும் பகலும் சமம். இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவில் நிற்கிறது பிப்ரவரி 2. குளிர்காலத்தின் பாதி கழிந்தது, பாதி மிச்சம் என்பதே அதன் இயல்பு.

ஐரோப்பிய உழவனுக்கு அந்தப் பாதி உயிர்க் கணக்கு. அறுவடை முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. நிலம் பனியில் உறைந்து கிடக்கிறது. மாடுகள் தொழுவத்தில் நிற்கின்றன. களஞ்சியத்தில் உள்ளதைத்தான் மனிதரும் கால்நடையும் தின்றாக வேண்டும். பிப்ரவரி 2 அன்று தானியத்திலும் வைக்கோலிலும் பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு பழமொழியே உண்டு. குளிர் சீக்கிரம் விலகுமென்றால் வைக்கோலைக் கொஞ்சம் தாராளமாகப் போடலாம். நீளுமென்றால் இன்றிலிருந்தே கையை இறுக்க வேண்டும். அந்தக் கவலையில்தான் இந்த நாளின் குறி கேட்கும் வழக்கம் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பவேரியாவில் பண்ணையாட்கள் தங்கள் ஆண்டுக்கூலியைப் பெற்றுக்கொண்டு வேறு பண்ணைக்கு மாறும் நாளாகவும், ஸ்காட்லாந்தில் வாடகையும் தவணையும் செலுத்தும் நாளாகவும் இதுவே இருந்தது. அதாவது இது விழா நாள் மட்டுமன்று, கணக்கு முடிக்கும் நாளும்கூட.

ஜெர்மானிய நாடுகளில் குறி சொன்ன விலங்கு கிரவுண்ட்ஹாக் அன்று. வளைக்கரடி எனப்படும் பேட்ஜர், சில இடங்களில் முள்ளெலி. ஹங்கேரியில் கரடி, இன்றும் புடாபெஸ்ட் விலங்குக்காட்சிச் சாலையில் கரடி குகையை விட்டு வெளியே வருவதை அன்று கூட்டமாக நின்று பார்க்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியர்கள் பெருந்திரளாகப் பென்சில்வேனியாவில் குடியேறியபோது நம்பிக்கையும் கப்பலேறியது. அமெரிக்காவில் இயற்கையாக வாழும் முள்ளெலி கிடையாது. ஆனால் அதேபோல வளையில் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் கிரவுண்ட்ஹாக் வயல்தோறும் இருந்தது. அதற்கு அந்தப் பொறுப்பு மாறியது.

இதற்கு எழுத்துச் சான்று ஒன்று உண்டு. பென்சில்வேனியாவின் மார்கன்டவுனில் கடை நடத்திவந்த ஜேம்ஸ் மாரிஸ் என்பவர் 1841 பிப்ரவரியில் தம் நாட்குறிப்பில், கடந்த செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதி, ஜெர்மானியர் சொல்வதுபோல் கிரவுண்ட்ஹாக் வெளியே எட்டிப் பார்க்கும் நாள் என்றும், நிழலைக் கண்டால் அது மறுபடி உள்ளே போய் ஆறு வாரம் உறங்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். வரவு செலவுகளுக்கிடையே ஒரு கடைக்காரர் குறித்த வரி அது. பங்க்சடாவ்னி விழா தொடங்குவதற்கு நாற்பத்தாறு ஆண்டுகள் முந்தியது.

ஆறு வாரம் என்ற அளவையும் எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி 2-இலிருந்து ஆறு வாரம் என்றால் மார்ச் 16. சம இரவுநாளுக்கு நான்கு நாள் முன்னால். வசந்தம் நாட்காட்டிப்படி வர வேண்டிய காலமே அதுதான்.

கேள்வி: கணிப்பு பலிக்கிறதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: பலிப்பதைவிடப் பலிக்காததே அதிகம். அமெரிக்க அரசின் வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா, உண்மையான வெப்பநிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பில்லின் கணிப்புகளில் பாதிகூடத் தேறவில்லை. 1887-இலிருந்து இன்றுவரை நூறு முறைக்கு மேல் அது 'நிழலைப் பார்த்திருக்கிறது'.

ஆனால் விலங்கின் நடத்தையில் உண்மை ஒன்று இருக்கிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் ஆண் விலங்குகள் தூக்கம் கலைந்து வெளியே வந்து, பெண் விலங்குகளின் வளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் மீண்டும் உறங்குகின்றன. இணை சேர்வது மார்ச்சில். எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும் காட்சியை அந்தக் காலத்து உழவர்கள் கண்டிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. காரணத்தை மட்டும் நிழலில் தேடினார்கள்.

கேள்வி: எங்கள் பங்குக் கோவிலில் பிப்ரவரி 2 அன்று மெழுகுதிரிகளை மந்திரித்துக் கொடுப்பார்கள். அந்தத் திருநாளுக்கும் நீங்கள் எழுதியதற்கும் தொடர்பு உண்டா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: தொடர்பு உண்டு, நேரடியான தொடர்பு, அம்மா. மாரிஸ் தம் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இட்ட பெயரே மெழுகுதிரித் திருநாள் என்பதுதான்.

கிறிஸ்து பிறப்பு நாளையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் பிப்ரவரி 2. குழந்தை இயேசுவை மரியாளும் யோசேப்பும் எருசலேம் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்ததையும், ஏழைகளின் காணிக்கையான இரண்டு புறாக்களைக் கொண்டுபோனதையும், முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி 'பிற இனத்தாருக்கு ஒளி' என்று வாழ்த்தியதையும் லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அந்த 'ஒளி' என்ற சொல்லிலிருந்துதான் மெழுகுதிரிப் பவனி வந்தது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்குத் திருப்பயணம் போன எகேரியா என்ற பெண்மணி இந்த விழாவை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஆண்டு முழுவதற்குமான திரிகள் அன்றே மந்திரிக்கப்படுகின்றன. மறுநாள், பிப்ரவரி 3 அன்று, புனித பிளேசியுவின் நாளில் தொண்டை நோய் வராமலிருக்க இரண்டு திரிகளைக் குறுக்காகக் கழுத்தில் வைத்து ஆசீர் அளிப்பார்களே, அவை முந்தைய நாள் மந்திரித்த திரிகள்தாம்.

போலந்தில் இந்தத் திரிக்கு இடித்திரி என்று பொருள்படும் பெயர். இடியும் மின்னலும் வரும்போது சன்னலில் ஏற்றி வைப்பார்கள். வீட்டில் ஒருவர் உயிர் பிரியும் வேளையிலும் அவர் கையில் கொடுப்பார்கள். இதைப் படித்தபோது என் சிறுவயது நினைவுக்கு வந்தது. எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி பாதி எரிந்த ஒரு மெழுகுதிரியைப் பழைய துணியில் சுற்றித் தகரப்பெட்டியின் அடியில் வைத்திருப்பார். ஐப்பசி மழையில் இடி விழுந்து மின்சாரம் போனால், வேறு திரிகள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாலும், பெட்டியைத் திறந்து அதைத்தான் எடுப்பார். ஏற்றி, சிறிது நேரம் செபித்து, இடி ஓய்ந்ததும் அணைத்து, உருகிய மெழுகை நகத்தால் சுரண்டித் திரியோடு ஒட்டிவைத்து மறுபடியும் சுற்றிவிடுவார். போலந்துக் கிராமத்துக்கும் எங்கள் தெருவுக்கும் எவ்வளவு தூரம்!

லக்சம்பர்க் நாட்டில் அன்று மாலை சிறுவர்கள் விளக்கு ஏந்தி வீடு வீடாகப் பாடிக்கொண்டே போய் இனிப்பு வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரான்சில் அன்று எல்லா வீட்டிலும் தோசை போல ஒன்றைச் சுடுவார்கள் என்கிறார்களே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: ஆம், அது கிரேப். கோதுமை மாவு, முட்டை, பால், சிறிது வெண்ணெய் சேர்த்து நீர்க்கக் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நம் நீர்தோசையைவிடவும் மெல்லியதாக வார்ப்பது. விழாவின் பெயர் ஷாந்தலர். மெழுகுதிரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

சுடுவதில் ஒரு நேர்த்திக்கடன் உண்டு. இடது கையில் ஒரு நாணயத்தை, பொன் நாணயம் இருந்தால் இன்னும் சிறப்பு, இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வாணலியை ஒரே வீச்சில் உயர்த்திக் கிரேப்பைக் காற்றில் புரட்ட வேண்டும். மடங்காமல், கீழே விழாமல் அது திரும்ப வாணலியில் படிந்தால் அந்த ஆண்டு கையில் காசு தங்கும். முதல் கிரேப்பை உண்ணாமல் அலமாரியின் உச்சியில் அடுத்த ஆண்டுவரை வைத்திருந்த குடும்பங்களும் இருந்தன. வட்டமாகப் பொன்னிறத்தில் இருப்பதால் அது திரும்பி வரும் சூரியனின் வடிவம் என்பார்கள். எனக்கு அதைவிட மனத்தில் பதிந்தது, களஞ்சியத்தில் மிஞ்சிய பழைய மாவை விதைப்புக் காலத்துக்கு முன் செலவழிக்கும் வழி இது என்ற விளக்கம். அன்றோடு குளிர் சாகும் அல்லது வலுக்கும் என்று பிரெஞ்சுப் பழமொழி ஒன்றும் இருக்கிறது. மாவுப் பானையும் வானமும் அங்கேயும் ஒரே நாளில்தான் பார்க்கப்பட்டன.

கேள்வி: மெக்சிகோவில் வேலை பார்க்கும் என் மகன், ஜனவரியில் அலுவலகத்தில் கேக் சாப்பிட்டபோது ஒரு பொம்மை கிடைத்ததால் பிப்ரவரி 2-இல் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டியதாயிற்று என்று சொன்னான். இது என்ன வழக்கம்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மகனுக்குக் கிடைத்தது குழந்தை இயேசுவின் சிறு உருவம். ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளில் வளைய வடிவ ரொட்டி ஒன்றை வெட்டிப் பகிர்வார்கள். அதற்குள் இந்த உருவம் மறைந்திருக்கும். யாருடைய துண்டில் வருகிறதோ அவர் குழந்தைக்கு ஞானப்பெற்றோர் ஆகிறார். பிப்ரவரி 2, கந்தெலாரியா நாளில், உடன் உண்ட அனைவருக்கும் தமால் வாங்கித் தருவது அவர் கடமை.

தமால் என்பது நம் இலைக் கொழுக்கட்டைக்கு நெருங்கிய உணவு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவைக் கொழுப்போடு பிசைந்து, ஊறவைத்த சோளக்கதிர் மடலில் பரப்பி, நடுவில் இறைச்சியோ மிளகாய்ச் சாறோ வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். பெயரின் ஒலியைக் கொண்டு தமிழோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அது மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழிச் சொல். மெக்சிகோக் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் குடிலில் வைத்த குழந்தை இயேசுவின் உருவத்துக்குப் புத்தாடை தைத்து உடுத்தி, கைக்குழந்தையைப் போல ஏந்திக் கோவிலுக்குக் கொண்டுபோய் ஆசீர் பெறுவதும் அன்றுதான்.

பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தே சாகுன், அஸ்டெக் ஆண்டின் முதல் மாதம் பிப்ரவரி 2-இல் தொடங்கியது என்றும், அம்மாதத்தில் மழைத் தெய்வங்களுக்குப் படையல் நடந்தது என்றும் எழுதியிருக்கிறார். பழைய மழை வேண்டுதலும் புதிய திருநாளும் ஒரே தேதியில் வந்து சேர்ந்தன. மக்காச்சோளம் இரண்டுக்கும் பொதுவாயிற்று.

கேள்வி: அன்று உலகம் முழுவதும் குளிர்காலம் இல்லையே? தென்கோளத்தில் யாராவது கொண்டாடுகிறார்களா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கொண்டாடுகிறார்கள், நடுக்கோடையில். பிரேசிலின் சால்வடோர் நகரில் ரியோ வெர்மெல்யோ கடற்கரையில் அன்று யெமாஞ்சா என்னும் கடல் அன்னைக்குப் பெருவிழா. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்கள் நெஞ்சில் சுமந்துபோன தெய்வம் அவள். வெள்ளாடை உடுத்திய மக்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று, பூ, வாசனைத் தைலம், கண்ணாடி, சீப்பு ஆகியவற்றைக் கூடைகளில் சேர்க்க, மாலையில் மீனவர்கள் அவற்றைப் படகுகளில் ஏற்றி நடுக்கடலில் விடுகிறார்கள். 1920-களில் மீன்பாடு குறைந்தபோது மீனவர்கள் செய்த காணிக்கையே இதன் தொடக்கம். தங்கள் தெய்வத்தைக் கும்பிடத் தடை இருந்த காலத்தில் மரியன்னையின் திருநாள்களே அம்மக்களுக்கு மறைவிடமாயின. அந்தத் துயரம் இந்தத் தேதிக்குள்ளும் இருக்கிறது. எனக்கு இந்த நாளின் எல்லா விழாக்களிலும் மிகவும் நெருக்கமானது இதுதான்.

கேள்வி: அமெரிக்காவில் அன்று பள்ளிகளுக்கு விடுமுறையா? (எட்டாம் வகுப்பு மாணவி, சேலம்)

பதில்: இல்லை. அங்கே கூட்டாட்சி அரசின் பொது விடுமுறைகள் பதினொன்று. அவற்றில் இது சேராது. அலாஸ்கா மாநிலம் மட்டும், தன் மண்ணில் வாழும் மர்மோட்டைச் சிறப்பிக்க, 2010-லிருந்து பிப்ரவரி 2-ஐச் சட்டப்படி மர்மோட் நாளாக வைத்திருக்கிறது. அதுவும் விடுமுறை அல்ல.

கேள்வி: உலக ஈரநிலங்கள் நாளும் பிப்ரவரி 2 தானே? எங்கள் பள்ளி இயற்கை மன்றத்தை அன்று எங்கே அழைத்துப் போகலாம்? (ஆசிரியர், செங்கல்பட்டு)

பதில்: நாடுகள் கையெழுத்திட்ட நாளையொட்டி அமைந்த தேதி அது. 1971 பிப்ரவரி 2 அன்று, காஸ்பியன் கடலோரம் உள்ள ஈரானிய நகரமான ராம்சாரில் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை உருவானது. 1997 முதல் இந்த நாள் கொண்டாடப்படுகிறது, 2021-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்பளித்தது. தமிழகத்தில் முதலில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது கோடியக்கரை, 2002-இல். 2022-இலிருந்து பள்ளிக்கரணை, பிச்சாவரம், கூந்தன்குளம், வடுவூர் எனப் பல இடங்கள் சேர்ந்து, இன்று இந்தியாவிலேயே மிகுதியான ராம்சார் தலங்கள் உள்ள மாநிலம் நம்முடையது.

செங்கல்பட்டில் இருக்கும் நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. வேடந்தாங்கல் அருகிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்கள் முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயோனல் பிளேசிடம் பாதுகாப்பு உரிமை பெற்ற ஏரி அது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வாண்டு ஏரி நிரம்பியிருந்தால், பிப்ரவரித் தொடக்கத்தில் தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் கூடுகள் நிறைந்திருக்கும். நத்தைகுத்தி நாரைகள், கூழைக்கடாக்கள், அரிவாள்மூக்கன்கள் இரை கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். காலை ஆறரை மணிக்குள் போய்ச் சேருங்கள். பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குறிப்பேடு இருக்கட்டும். ஒரே ஒரு கூட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, தாய்ப்பறவை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எனக்கும் அனுப்பிவையுங்கள். மார்ச் இதழில் வெளியிடுகிறேன்.